எடுத்த எடுப்பில் திணறிய வண்டி

என் வயசுக்காரிகளே, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தடவிக்கொண்டே கேளுங்கள்.

கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் போதும், "அவரு மாதிரி நடந்து காட்டு, இவ மாதிரி சண்ட போட்டுக் காட்டு" என்று சுற்றி உட்கார்ந்துகொள்வீர்கள். நானும் சளைத்தவள் இல்லை. இலையை மடித்த பிறகு இன்னொரு கரண்டி பாயசம் கேட்கிற சம்பந்தியைச் செய்வேன். எழவு வீட்டில் ஒப்பாரிக்காரியை அவளுக்கு முன்னாலேயே செய்துகாட்டி அவளையே சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் திக்கிப் பேசுகிறவர்களைச் செய்யச் சொன்னால் மட்டும், வாய் வலிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். "இவளுக்கு வாய் வலிச்சா சூரியன் மேக்கால உதிச்ச மாதிரிதான்" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னது சரி. வாய் வலிக்கவில்லை. வெட்கம். அந்த வெட்கம் எங்கேயிருந்து வந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு நாலாவதோடு சரி. முன்னே பின்னே சொன்னால் நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயசு. எங்கள் ஊர் ஏரியூருக்குப் பக்கத்தில். அந்த வருஷம் ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். பெண் பொம்மிடி. சின்னம்மா வந்து இறங்கினபோது கூடவே ஒரு புது மோட்டார் சைக்கிளும் இறங்கியது. சின்னம்மாவின் அப்பா தன் புளியந்தோப்பை விற்று மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சீர் அது. அதற்கு முன்னால் எங்கள் ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தது மாட்டு டாக்டர் ஒருத்தர்தான். அதனால் எங்கள் மாடுகள் இந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டாலும் ஊசி போட வந்துவிட்டார்கள் என்று கட்டுத்தறியில் துள்ளும்.

கறுப்பு டாங்கி. அதில் முகம் பார்த்தால் மூக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அதில் போய் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். சீட்டுக்குப் போட்டிருந்த கண்ணாடிக் காகிதத்தைக் கிழிக்க சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். ஓடி வந்து நின்ற பிறகு, யாரும் தொடாமலே, உள்ளே டிக் டிக்கென்று எதுவோ ஆறும். அந்தச் சத்தம் நிற்கிறவரைக்கும் அதன் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்திருப்பேன். பெட்ரோல் வாசனை பிடிக்க டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்துத் தலை சுற்றி விழுந்ததும் உண்டு. பெரியம்மா அதைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தாள்.

வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். எங்கப்பா நடுவில் பிறந்தவர். அவர் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். சித்தப்பா கடைசி. அண்ணன் எதிரே நிமிர்ந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்.

சின்னம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பாடச் சொன்னார்கள். முருகன் பாட்டு ஒன்றைத் தங்குதடை இல்லாமல் பாடினாள். "குரலு தேனுங்க" என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி மூன்றாம் நாள் பெரியப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டு, "என்ன கொழம்பும்மா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்தது. சின்னம்மாவின் உதடு ஒட்டிக்கொண்டது. கண் மேலே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. "பு... பு..." என்று நின்றது. அந்த முதல் வார்த்தை வெளியே வந்துவிட்டால் அப்புறம் அருவிதான். "புளிக்கொழம்புங்க மாமா, தொட்டுக்க முருங்கைக்கீர வதக்கியிருக்குது, இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். முதல் வார்த்தைதான் வராது. பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவின கையோடு சொன்னார்: "பாட வெச்சே ஏமாத்திப்புட்டான்டா அந்தாளு."

சித்தப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவள் வார்த்தைக்காகத் தவிக்கிறபோது அவர் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்பார். வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான். என்னோடு பேசும்போது சின்னம்மாவுக்குத் திக்கல் முக்கால்வாசி குறைந்துவிடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது என்னைக் கூப்பிட்டுக்கொள்வாள். பொம்மிடி ஸ்டேஷனில் எந்த ரயில் நிற்கும், எது நிற்காமல் போகும், நிற்காமல் போகிற ரயிலில் இருந்து ஒரு தடவை யாரோ கடித்த கொய்யாப்பழத்தை வீசியதில் அவள் நெற்றி வீங்கியது வரைக்கும் சொல்லுவாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். பத்து வயசுப் பிள்ளையிடம் என்ன பயம் என்று நினைத்திருப்பாள்.

ஆயுத பூசை வந்தது. ஏர், மண்வெட்டி, அரிவாள், கிணற்று மோட்டார் என்று எல்லாவற்றையும் கழுவினார்கள். மோட்டார் சைக்கிளைச் சித்தப்பா சிகைக்காய் போட்டுக் குளிப்பாட்டாத குறை. சின்னம்மா சந்தனம் அரைத்தாள். பொட்டு வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சக்கரத்துக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, உதைக்கிற கிக்கருக்கு ஒன்று. எவ்வளவு வைத்தும் கிண்ணத்தில் சந்தனம் தீரவில்லை. டாங்கிக்குக் கீழே, எஞ்சினை ஒட்டி, ஈயச் சொம்பு மாதிரி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் மூக்குத்தி போடுகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சந்தனத்தை விரலில் உருட்டி, விளக்குமாற்று ஈர்க்கால் அந்த ஓட்டைக்குள் குத்திக் குத்தி அடைத்தேன். மேலே ஒரு துளி குங்குமம் வைத்தேன்.

சின்னம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அ... அதுக்குக்கூடவா பாப்பா?" என்றாள்.

"மூக்கு குத்தியிருக்குது சின்னம்மா. மூக்குத்தி வேணாமா?"

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தேங்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். நான் அந்த ஓட்டையைச் சுத்தமாக மறந்துபோனேன். இதைச் சத்தியம் பண்ணியே சொல்லுவேன். பிற்பாடு செய்ததற்குச் சத்தியம் பண்ண என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் சித்தப்பா வண்டியை உதைத்தார். கிளம்பியது, உடனே நின்றது. இன்னும் உதைத்தார். இருமி இருமி நின்றது. ஏரியூரில் சைக்கிளும் தண்ணி மோட்டாரும் பழுது பார்க்கிற ஒருத்தரிடம் தள்ளிக்கொண்டு போனார். அவர் ஏதோ ஒரு திருகாணியைத் திருகிவிட்டார். அதற்குப் பிறகு நின்ற இடத்தில் வண்டி டுப் டுப் டுப்பென்று நன்றாக ஓடியது. ஆனால் கியரைப் போட்டுக் கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், "க்கும்" என்று தொண்டை அடைத்து, பின்னால் கரும்புகை விட்டு, செத்துப்போகும். சாகாமல் தப்பினால் இரண்டு தடவை விக்கிவிட்டு, கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஒரே பாய்ச்சலாகப் பாயும். பாய்ந்த பிறகு ஒரு குறையும் இல்லை. பென்னாகரம் வரைக்கும் சொன்னபடி போகும். கிளம்புகிற அந்த நொடிதான் கண்டம்.

ஒரு சந்தை நாளில் டீக்கடைக்கு முன்னால் அது அப்படித்தான் விக்கிப் பாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சின்னம்மா தக்காளிக் கூடையோடு ரோட்டில் விழுந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்.

பழுது பார்த்தவர் பெரியப்பாவிடம், "உள்ளாற தேஞ்சு கெடக்குதுங்க. பழைய வண்டிக்குப் பெயிண்டு அடிச்சாப்புல தெரியுது" என்று சொல்லிவிட்டார். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கம் எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன பண்ணியது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "பென்னாகரத்துல ஒரு பாய் மெக்கானிக் இருக்காருங்கண்ணா. கைராசிக்காரரு. ரெண்டு நாள் அவருகிட்ட உட்டுப் பாக்கலாங்களா?"

"புதுசுன்னு சொல்லிக் குடுத்த வண்டிக்கு ரெண்டு மாசத்துல வைத்தியமாடா? குடுத்தவனக் கேக்கறத உட்டுட்டு எவனையோ கேக்கச் சொல்ற."

அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் என் வேலையைக் காட்டினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆம்பளைகள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். பெரியப்பா கடுகடுவென்று இருந்தார். அவரைச் சிரிக்க வைத்தால் எனக்கு எப்போதும் ஒரு கை கடலை கிடைக்கும். நான் நடுவாசலில் போய் நின்றேன். இரண்டு கையையும் நீட்டிக் கைப்பிடி பிடித்தேன். ஒரு காலால் உதைத்தேன். டுப் டுப் டுப் என்று வாயால் ஓட்டினேன். முறுக்கினேன். "க்கும்... க்கும்..." கழுத்தை முன்னால் தள்ளி, கண்ணை மேலே செருகி, விக்கி விக்கி, அப்புறம் ஒரே பாய்ச்சலாக மாட்டுக் கொட்டகை வரைக்கும் ஓடினேன். எங்கப்பாவே சிரித்தார். கடலை என் கையில் விழுந்தது.

கடலையோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவர் சிரித்தால் ஒன்பது பேரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. இப்போதும் உண்டு, நீங்கள் பார்த்ததுதான். திரும்பி வந்தேன். கழுத்தை அதே மாதிரி முன்னால் தள்ளினேன். கண்ணை அதே மாதிரி மேலே செருகினேன். "பு... பு... பு..." என்றேன். அப்புறம் ஒரே பாய்ச்சலாக, "புளிக்கொழம்புங்க மாமா தொட்டுக்க முருங்கைக்கீர வதக்கியிருக்குது!"

பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"குட்டி சொல்றது சரிதான்டா. ரெண்டுக்கும் ஒரே கோளாறு. ரெண்டையும் ஒரே ஆளுதான் நம்ம தலைல கட்டுனான்" என்றார்.

சின்னம்மா தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியாது. சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இருந்தாலும் கடலையைத் தின்றேன்.

மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது. பெரியப்பா சித்தப்பாவிடம் சொன்னார்: "அவளக் கூட்டிட்டுப் போயி பொம்மிடில உட்டுட்டு வா. வண்டி இங்கயே நிக்கட்டும். அந்தாளு வந்து கண்ணால பாக்கட்டும். வண்டி ஓடுனா பொண்ணு வூட்டுக்கு வரட்டும். ஓடலன்னா ரெண்டையும் அவரே வெச்சுக்கட்டும்."

அது தலை தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிற நேரம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகப் பெண் வீட்டுக்குப் போக வேண்டிய தீபாவளி. தனியாகப் போய் நிற்கிற பெண்ணைப் பொம்மிடியில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா, "சரிங்கண்ணா" என்றார். பஸ் ஏறும்போது சின்னம்மா என் கன்னத்தைத் தொட்டாள். நான் அவளுடைய துணிப்பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்த நாட்களில் வண்டி மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்தி நின்றது. ஒரு கோழி சீட்டின் மேல் ஏறி நான்கு முட்டை இட்டது. "இவ்ளோ பெரிய வண்டிக்கு இந்த லாபமாவது வந்துச்சே" என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக்கொண்டு எழுந்து போவார். பெரியம்மாகூட ஒரு நாள் அம்மாவிடம், "அவ இருந்தா களி பதமா கிண்டுவா" என்று முணுமுணுத்தாள். பெரியப்பா காதில் விழுகிற மாதிரி அல்ல.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், காலை பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் சின்னம்மாவின் அப்பா. மெலிந்த ஆள், சலவை வேட்டி, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பின்னால் சின்னம்மா. அவளுக்குப் பின்னால் கருத்த, குள்ளமான ஒருவர் தோளில் ரெக்சின் பையோடு. பென்னாகரத்துப் பாய் மெக்கானிக். வழியில் இறங்கி அவரைக் கையோடு கூட்டி வந்திருந்தார்கள்.

சின்னம்மாவின் அப்பா உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "சம்பந்தி, உங்க கண்ணு முன்னாலயே வண்டியக் கழட்டிப் பாக்கட்டும். பழைய வண்டின்னு பாய் சொல்லிட்டாருன்னா, நான் ஏமாத்துக்காரன். பேசாம எம் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடறனுங்க. புதுசுதான்னு சொன்னாருன்னா, இந்தத் தட்ட எடுத்துக்கிட்டு தலை தீபாவளிக்குப் புள்ளைங்களச் சந்தோசமா அனுப்பி வெக்கணும்."

பெரியப்பா கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்தார். "பாக்கட்டும். யாரு வேணாங்கறா?"

ஊரே கூடிவிட்டது. பாய் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். வண்டியை உதைத்தார். நின்ற இடத்தில் ஓட விட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சமாக முறுக்கினார். க்கும். இன்னொரு தடவை. க்கும். மூன்றாவது தடவை ஒரேயடியாக முறுக்கினார். வண்டி அலறிக்கொண்டு ஓடியது.

"நின்ன எடத்துல நல்லா ஓடுது. ஓடறப்ப ஓடுது. எடுக்கறப்பதான் அடைக்குது" என்று பாய் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "எஞ்சின் தேஞ்ச வண்டி இப்பிடிக் கத்தாதுங்க பெரியவரே."

பிளக்கைக் கழற்றினார். கரிச்சட்டி மாதிரி இருந்தது. அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். "பெட்ரோலு நெறைய வருது, காத்து பத்தல. எங்கியோ மூச்சு அடைச்சிருக்குது." பிறகு அந்த ஈயச் சொம்பைக் கழற்றித் துணியில் வைத்தார். கார்பரேட்டர் என்றார். உள்ளே இருந்து பித்தளைத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, "சுத்தம்" என்றார். அவர் சுத்தம் என்று சொல்லும்போதெல்லாம் சின்னம்மாவின் அப்பா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சின்னம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பாய்க்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் கார்பரேட்டரைத் திருப்பினார். பக்கவாட்டில் கட்டை விரலால் அழுக்கைத் துடைத்தார். அப்போதுதான் பார்த்தேன். அழுக்குக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

நான் வைத்த குங்குமம்.

பாய் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, அதன் ஒற்றை நரம்பைப் பிரித்து, அந்த ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். மஞ்சளாக ஒரு கட்டி வந்து துணியில் விழுந்தது. இன்னும் ஒன்று. எடுத்து மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சந்தனங்க! இது வண்டி மூச்சு உடற ஓட்டை. கொஞ்சமா முறுக்கறப்ப இது வழியாத்தான் காத்துப் போகணும். நல்லா முறுக்குனா பெரிய வாய் தொறந்துக்கும், அப்ப இது தேவையில்ல. புது வண்டிதானுங்க பெரியவரே. மூக்க அடைச்சுட்டு மூச்சு உடச் சொன்னா அது என்ன பண்ணும்?"

கூட்டம் சிரித்தது. சின்னம்மாவின் அப்பா அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊருக்கு முன்னால், பழைய வண்டி, ஏமாத்துக்காரன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அவருக்கு இப்போது நிற்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

"பூச அன்னிக்கு வண்டிக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்றார்.

சின்னம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. கண் மேலே போனது.

என் வயசுக்காரிகளே, அவளுக்கு முதல் வார்த்தை வர எவ்வளவு நேரமாகும் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. நான் அதைச் செய்து காட்டி, கடலை வாங்கித் தின்றவள். அந்த நேரத்துக்குள் நான் சொல்லிவிட்டேன்.

"சின்னம்மாதான் வெச்சாங்க."

பாய் என் விரலைப் பார்த்தார். "இது சின்ன வெரலு வேலை மாதிரியில்ல இருக்குது..." என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவரை முடிக்க விடவில்லை. "அதான் கூட நின்ன புள்ளையே சொல்லுதே! வண்டி மேல குத்தமில்ல சம்பந்தி, ஒத்துக்கறேன். உங்க பொண்ணு கை மேலதான் குத்தம். நீங்க குடுத்தத உங்க பொண்ணே கெடுத்துருக்குது."

"ஏம்மா, நீயா வெச்ச?" என்று அவளுடைய அப்பா கேட்டார்.

சின்னம்மா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை கிட்டத்தட்ட வந்துவிட்டது. உதடு பிரிந்தது, பல் தெரிந்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். அதையே எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மனிதர் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு குனிந்தார். புளியந்தோப்பை விற்றவர். தான் திருடனில்லை என்று காட்ட மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தவர். "தெரியாமப் பண்ணிடுச்சுங்க. சின்னப் பொண்ணு. மன்னிச்சுருங்க சம்பந்தி" என்றார். பெரியப்பா, "சரி சரி, நிமிருங்க" என்று பெரிய மனசு பண்ணித் தட்டை வாங்கிக்கொண்டார். சித்தப்பா வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஒரு விக்கலும் இல்லை. தெருக்கோடி வரைக்கும் போய்விட்டு வந்து, அவர் மட்டும் சின்னம்மாவிடம் போய், "பரவால்ல உடு" என்றார். தப்பு செய்தவளை மன்னிக்கிற மாதிரி. அவரும் நம்பிவிட்டார்.

போவதற்கு முன்னால் சின்னம்மாவின் அப்பா மஞ்சள் பையில் இருந்து ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான் கண்ணு. சின்னம்மா வாங்கியாரச் சொல்லிச்சு." நான் வாங்கிக்கொண்டேன். தீபாவளி அன்றைக்கு அவ்வளவையும் கொளுத்தினேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா. ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

சின்னம்மா தலை தீபாவளிக்குப் போய்த் திரும்பி வந்தாள். மூன்று பிள்ளை பெற்றாள். பெரியப்பாவைக் கடைசிக் காலத்தில் அவள்தான் குளிப்பாட்டிவிட்டாள். ஆனால் அதன் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். சாப்பாடு போடுவாள். என் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னிவிட்டாள். ரயில் கதை மட்டும் நின்றுபோனது. எனக்காகப் பொறுத்துப் போய்விட்டாள், பிள்ளை அடி வாங்கக் கூடாது என்று பழியை ஏற்றுக்கொண்டாள் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா போய்ச் சேர்ந்து நாளாகிறது. நாங்கள் இரண்டு பேரும் முறத்தை நடுவில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். தெருவில் எந்தப் பையனுடைய வண்டியோ கிளம்பாமல் இருமியது. இப்போது சொல்லாவிட்டால் நான் சொல்லாமலேயே செத்துப்போவேன் என்று தோன்றியது.

"சின்னம்மா, அந்த வண்டில சந்தனம் வெச்சது நான்தான்" என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெ... தெ... தெரியாமயா? பக்கத்துலதான நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லாம உட்ட? நான் அடி வாங்குவேன்னா?"

சின்னம்மா கையில் இருந்த தோலைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த மாதிரியே நேராக.

"நீ பயந்துட்டு நின்னிருந்தா சொல்லியிருப்பேன் பாப்பா. பயத்துல பொய் சொல்ற புள்ளைக்கு ரெண்டு வெச்சா சரியாப் போயிரும். நீ பயப்படல. நீ என் வாயப் பாத்துட்டு நின்ன. இவளுக்கு இப்பத்துக்கு வராது, அதுக்குள்ள சொல்லிப்புடலாம்னு பாத்துட்டு நின்ன. அந்த வூட்டுல ஒங்கிட்ட மட்டுந்தான் நான் கூச்சமில்லாம வாயத் தொறந்தேன். அதப் பாத்த பின்னால, பேசி என்ன ஆவப்போவுதுன்னு உட்டுட்டேன்."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. நிறுத்தி மறுபடி எடுத்த இரண்டு இடத்தில் முதல் வார்த்தை நின்றேவிட்டது. என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. கொடுக்காமல், அவள் வாயைப் பார்க்காமல், முறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.